அப்பா எழுந்து நிற்கும்போது

மே 6
காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்த அப்பா, நாலு எட்டு வைப்பதற்குள் சரிந்தார். தம்பி தாங்கிக்கொண்டான். முகமெல்லாம் வெளிறிப்போய்விட்டது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் தெளிந்தார். அப்பாவுக்குக் கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் இருப்பதால், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நடுக்கம் ஜாஸ்தியாயிருச்சா?" என்றே கேட்கிறார்கள். நடுக்கம் எப்போதும்போலத்தான் இருக்கிறது.

மே 8
நரம்பு டாக்டர் அப்பாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார்: 148/86. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம்: 102/64. மேல் எண் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக்குழாயை இறுக்க வேண்டிய நரம்புகள் பார்க்கின்சனில் பழுதாகின்றன. சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போவதால் பிரஷர் இன்னும் இறங்கும். கத்திரி வெயில் வேறு. பார்க்கின்சனுக்கு அப்பா சாப்பிடும் சிண்டோபா மாத்திரையும் பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும். அதற்காக அதை நாமாக நிறுத்தவே கூடாது. முன்பு வேறோர் இடத்தில் எழுதிய பிரஷர் மாத்திரையைத்தான் டாக்டர் நிறுத்தினார். அங்கே ஒவ்வொரு முறையும் உட்கார வைத்தே பார்த்தார்கள். நிற்க வைத்துப் பார்க்க மூன்று நிமிடம்தானே ஆகும்? கோபம் அடங்கவில்லை.

மே 13
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்தோம். மட்டமாகப் படுத்தால் பிரஷர் ஏறுவதால் பகலில் அப்படிப் படுக்கக் கூடாது. காலையில் எழுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர், வயிற்றில் இறுக்கமான பெல்ட்.
"காலைத் தொங்கப் போட்டு உக்காருங்கப்பா, அப்புறம் எந்திரிக்கலாம்."
"நான் என்ன சின்னப் புள்ளையாம்மா?"
ஆனாலும் உட்கார்ந்தார். மோரில் உப்பைக் கூட்டிப் போடச் சொன்னது டாக்டர்தான் என்றாலும், இத்தனை வருஷம் உப்பைக் குறைத்தே சமைத்த அம்மாவுக்குக் கை வரவில்லை.

மே 19
மலச்சிக்கல் அப்பாவுக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே வந்தது. சாப்பாட்டைத்தான் குறை சொன்னோம். குடல் சுவரில் இருக்கும் நரம்புகளையும் இந்த நோய் பிடிக்கிறது. 1817-லேயே ஜேம்ஸ் பார்க்கின்சன் குடல் மந்தத்தைக் குறித்திருக்கிறார். வயிறு மெதுவாகக் காலியானால் மாத்திரை வேலை செய்யவும் தாமதமாகும். "மாத்திரை வேலை செய்யலை" என்று அப்பா சொல்லும் நாட்களில் இனி முதலில் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

மே 24
நின்றபடி 118/70. ராத்திரி சிறுநீருக்கு எழும் நேரம்தான் இனிப் பயம். கட்டிலோரம் யூரின் பாட்டில் வைத்தோம். அப்பா கூச்சப்பட்டார். தம்பி அந்த அறையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான், சரி என்றார்.