நெருப்புப்பெட்டிக்குள் தம்பளப்பூச்சி

எங்கள் பள்ளிக்கூட மலருக்கு விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்களாம். 'நீ வேறு ஏதாவது எழுது' என்றார் மலர்க்குழு நண்பர். சரி, என்னிடம் இருப்பது புரட்டாதி மழைதான்.

ஆனி, ஆடி, ஆவணி என்று காய்ந்து வெடித்துக் கிடக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண் புரட்டாதிக் கடைசியில் ஒரு மழை குடிக்கும். மறுநாள் காலை மைதானத்து வேலியோரம் எங்கள் கூட்டம் குனிந்தபடி நிற்கும். சிவப்புப் பட்டுத்துணியைக் கிள்ளிப் போட்டதுபோல தம்பளப்பூச்சிகள். தொட்டால் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும். நெருப்புப்பெட்டிக்குள் கொஞ்ச மண், இரண்டு அறுகம்புல், நாலு பூச்சி. புல்லைத் தின்னும் என்று நம்பியிருந்தோம்.

ஒருநாள் பாடம் நடக்கையில் பெட்டி திறந்துவிட்டது. முன்வாங்குக்காரனின் வெள்ளைச் சட்டையில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பழி அவன் மேல் விழ, அவன் எழுந்து நின்றான். சேர் பூச்சியை உள்ளங்கையில் விட்டு, "காலை எண்ணுங்கோ" என்றார். எட்டு. "அப்ப இது பூச்சியில்லை, சிலந்திக்குச் சொந்தம். புல்லும் தின்னாது, ஈசல் கிடைச்சால் தின்னும்." சங்கப் பாட்டில் இதற்கு 'ஈயல் மூதாய்' என்று பெயர் இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். ஈயல் என்றால் ஈசல்.

ஈசல் வரும் இரவில் ஆச்சி லாம்பின் கீழ் தண்ணீர்ச் சட்டி வைப்பா. விடிந்தால் விறாந்தை முழுக்கச் சிறகு.

அப்புறம் சில நாளில் பின்வளவுப் புற்றில் காளான். கறையான் மென்று கட்டிய கூட்டில் பூஞ்சணம் வளர்த்துத் தின்கிறது. அந்தப் பூஞ்சணம்தான் மழைக்கு மேலே வந்து குடை விரிக்கிறது. பிடித்து இழுத்தால் தண்டு முடியவே முடியாது. வேர்போல மெலிந்து புற்றுக்குள் போய், எங்கேயோ அறுந்துவிடும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்லது என்று ஊரில் சொல்வார்கள். இரண்டையும் நம்பவே கூடாது. ஆச்சி நம்பியது அந்த ஒரு புற்றைத்தான். குப்பைமேட்டில் முளைத்ததைக் காலாலும் தட்டவிடமாட்டா. தேங்காய்ப்பூ போட்டு அவ வறுத்த வறையில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டிதான் கிடைக்கும்.

ரொறன்ரோவில் செப்ரெம்பர் மழைக்குப் பிறகு பூங்காப் புல்தரையெங்கும் காளான். குனிந்து பார்ப்பேன், பிடுங்கமாட்டேன்.

முன்வாங்குக்காரன் இப்போது மெல்பேணில் என்று கேள்வி. மச்சான், அந்தப் பெட்டி என்னுடையது.