ஆடி பதினாறு

ஆச்சியை ஞாபகமறதிக்குக் காட்டப் போயிருந்தோம். "இன்னிக்கு என்ன தேதி பாட்டி?" என்றார் டாக்டர். "ஆடி பதினாறு." அவர் கேட்டது இங்கிலீஷ் தேதி. அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நாற்பது வருஷம் பால் கணக்குப் பார்த்தவள், 65 வரை தடுமாறாமல் வந்துவிட்டு, "போதுமா தம்பி, இன்னும் கழிக்கணுமா?" என்றாள். ஆனால் கொஞ்ச நேரம் முன்னால் மனசில் வைக்கச் சொன்ன மூன்று பொருளில் ஒன்றுகூட வரவில்லை.

30 மதிப்பெண் கொண்ட அந்த ஞாபகச் சோதனை (MMSE என்பார்கள்) 1975இல் மனநல மருத்துவர்களான ஃபோல்ஸ்டீன் தம்பதியும் பால் மெக்ஹ்யூவும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மருத்துவத்திலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சியாளர்களை எடைபோடும் எச்-இண்டெக்ஸில் இதற்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளிதான். அதில் 40 புள்ளி வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட 40 கட்டுரைகள் வேண்டும். என்ன கணக்கோ!

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் குறையும் என்பது தெரிந்த விஷயம். படிப்பு குறுக்கே வராத முறையைத் தேடியவர்கள் '10/66' என்ற ஆய்வுக் குழுவினர். குழு தொடங்கிய காலத்துக் கணக்கில், மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். மக்களிடையே நடந்த ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. பெயரே அதிலிருந்து வந்ததுதான். வேலூரும் சென்னையும் அந்த ஆய்வில் உண்டு.

ஆடி பதினாறுக்கு மார்க் விழுந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். காலண்டரைப் பார்த்தேன், தேதி சரிதான்.