மாலத்தீவுக்குக் குடும்பத்துடன்: அறைக்கு முன் படகைப் பாருங்கள்

மாலத்தீவு என்றதும் நம் மனத்தில் எழுவது, தண்ணீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடும் அதன் வாசலில் வந்து இறங்கும் கடல் விமானமும்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஓரிரவு தங்குவதற்கு ஆகும் பணத்தில் பல நடுத்தரக் குடும்பங்கள் ஒரு மாதத்தையே ஓட்டிவிடும் என்பதால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்த நாட்டின் பெயரே பேச்சில் வருவதில்லை. ஆனால் அந்த விலை, ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதி எடுத்துக்கொண்ட இடங்களுக்கு மட்டுமே உரியது. ஏறக்குறைய 1,200 தீவுகள் கொண்ட அந்த நாட்டில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். அவற்றில் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மளிகைக் கடை, சிறு துறைமுகம் எல்லாம் இருக்கின்றன, விருந்தினர் இல்லங்களும் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் தங்கியது இத்தகைய தீவுகளில்தான். பணம் குறைவு என்பதற்காகத் தேர்ந்த வழி அது என்றாலும், பணம் மிகுதியாக இருந்தாலும் இனி அதையே தேர்வேன்.

இந்த வழி திறந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1972-இல் குரும்பா என்ற முதல் விடுதி தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் வரை, சுற்றுலாப் பயணிகள் ஒரு பக்கம், ஊர் மக்கள் மறுபக்கம் என்பதே அரசின் கொள்கையாக இருந்தது. 2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியபின், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. அதுவரை நாட்டின் சிறைச்சாலை இருக்கும் ஊர் என்று மட்டுமே பேசப்பட்ட மாஃபுஷி, சில ஆண்டுகளிலேயே தெருவுக்குத் தெரு விடுதிகள் கொண்ட ஊராக மாறிவிட்டது. நாம் கொடுக்கும் வாடகை அந்தத் தீவின் ஒரு குடும்பத்துக்கோ அங்கே வேலை செய்பவருக்கோ போய்ச் சேர்கிறது என்பது எனக்கு முக்கியமானதாகப் படுகிறது.

இனிப் பணக்கணக்குக்கு வருகிறேன். பயணம் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் அறை வாடகையைப் பார்க்கிறார்கள். மலிவான அறை எந்தத் தீவில் கிடைக்கிறதோ அந்தத் தீவுக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறார்கள். மாலத்தீவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே ஒரு குடும்பத்தின் செலவைத் தீர்மானிப்பது படகு. அறைக்கு வாடகை ஒன்றுதான். ஆனால் படகில் ஆளுக்கு ஒரு கட்டணம், அதுவும் போக ஒருமுறை, வர ஒருமுறை. எடுத்துக்காட்டாக, தொலைவில் உள்ள ஒரு தீவுக்கு விரைவுப் படகில் ஆளுக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் போய்வர 320 டாலர் ஆகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், படகுக் கட்டணம் குறைவாக உள்ள தீவில் அதே தரமுள்ள அறைக்கு இரவுக்கு 15 டாலர் கூடுதலாகக் கேட்டாலும், ஐந்து இரவுக்கு 75 டாலர்தான் அதிகம். தொலைவுத் தீவின் மலிவான அறை, குடும்பத்துக்கு மலிவே அல்ல. சிறு பிள்ளைகளுக்குப் பல படகுக்காரர்கள் பாதிக் கட்டணம் வாங்குகிறார்கள். எந்த வயது வரை என்பது படகுக்குப் படகு மாறும் என்பதால், அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

விமான நிலையமே ஒரு தனித்தீவு. வருகைக் கூடத்தைவிட்டு வெளியே வந்தால், சாலை இருக்க வேண்டிய இடத்தில் கடலும் படகுத்துறையும் இருக்கின்றன. விரைவுப் படகுகளில் பல அங்கிருந்தே ஆள் ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் மிக மலிவான அரசுப் படகுகள், அதாவது எம்டிசிசி நிறுவனம் நடத்தும் பொதுப் படகுகள், தலைநகர் மாலேயிலிருந்து புறப்படுகின்றன. 2018-இல் கட்டி முடிக்கப்பட்ட பாலத்தின் வழியாகப் பேருந்திலோ டாக்சியிலோ மாலேக்குப் போய், படகுத்துறைக்குச் சென்று, சீட்டு வாங்கி ஏற வேண்டும். மாஃபுஷிக்கு விரைவுப் படகு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். பொதுப் படகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கட்டணமோ விரைவுப் படகைவிட மிகவும் குறைவு.

அந்தப் பொதுப் படகில் ஒருமுறையாவது பிள்ளைகளை ஏற்றிச் செல்லுங்கள். இரு ஓரங்களிலும் மரப்பலகை இருக்கைகள், மழை வந்தால் இறக்கிவிடத் தார்ப்பாய்த் திரை, முன்பக்கத்தில் முட்டை அட்டைகளும் அரிசி மூட்டைகளும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும் புதிய மின்விசிறிப் பெட்டியும். மாலேயில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டி ஒருவரும் என் மாமியாரும், இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லாமலே, முழங்கால் வலியைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தப் படகில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பெரும்பாலான தடங்களில் வெள்ளிக்கிழமை படகு ஓடாது. மற்ற நாட்களிலும் ஒரு தீவுக்கு நாளொன்றுக்கு ஓரிரு முறைதான் ஓடும். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அன்று என்ன கிழமை, இறங்கும் நேரம் என்ன என்று பார்த்துவிட வேண்டும். மாலையிலோ இரவிலோ இறங்குகிறீர்கள் என்றால், அன்றே தீவுக்குப் போயாக வேண்டும் என்று தனிப்படகு பேசாதீர்கள். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே போகக்கூடிய ஹுல்ஹுமாலேயில் ஓரிரவு தங்குங்கள். அங்கும் கடற்கரை ஓரமாக வரிசையாக விருந்தினர் இல்லங்கள் உண்டு, உணவகங்களும் உண்டு.

எந்தத் தீவு என்று கேட்பவர்களுக்கு என் விடை, ஒரு வாரத்துக்குக் குறைவான பயணம் என்றால் மாலேயைச் சுற்றியுள்ள காஃபு வட்டத்தை, அதாவது வளையமாக அமைந்த அந்தத் தீவுக்கூட்டத்தை, விட்டுத் தாண்டாதீர்கள் என்பதே. மாஃபுஷியில் கூட்டம் அதிகம், சுற்றுலாப் பயணிகளுக்கான கடற்கரை பகலில் நிரம்பிவிடுகிறது. ஆனால் போட்டி காரணமாக அறையும் கடல் உலாவும் அங்கேதான் விலை குறைவு, மருந்துக் கடையும் ஏடிஎம்மும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரியவர்களோடு முதல்முறை போகிறவர்களுக்கு அது ஏற்றது. அதற்குப் பக்கத்திலேயே உள்ள குல்ஹி மிகச் சிறியது, அமைதியானது. பிள்ளைகள் தாமே தெருவில் போய்வர விடலாம். துலுஸ்தூ அலைச்சறுக்குக்குப் பேர்போனது. கடல்நீரைக் குடிநீராக்கி கோகோ கோலா தயாரிக்கும் தொழிற்சாலை அங்கே இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டும் செய்தி. நாட்கள் கூடுதலாக இருந்தால் தொட்டூவுக்குப் போகலாம். பவழ மணலில் என்ன விளையும் என்று நினைப்பவர்கள் அங்கே தர்ப்பூசணித் தோட்டங்களையும் பப்பாளித் தோப்புகளையும் பார்க்க வேண்டும். வாடகை மிதிவண்டியில் அவற்றின் நடுவே போய்க் கடலை அடைவது தனி இன்பம். ஒரே பயணத்தில் மூன்று நான்கு தீவுகளைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். வேறு வேறு வட்டங்களில் உள்ள தீவுகளுக்கு இடையே நேர்ப்படகு அரிது. பெரும்பாலும் மாலேக்குத் திரும்பிவந்துதான் அடுத்த படகு பிடிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குடும்பம் முழுவதற்கும் கட்டணம்.

அறையைப் பொறுத்தவரை, இணையத்தில் பெரிய எழுத்தில் காட்டப்படும் விலை இறுதி விலை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுற்றுலாப் பொருள் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. சேவைக் கட்டணம் என்று இன்னும் 10 விழுக்காடு சேர்ப்பது வழக்கம். பசுமை வரி என்று ஒன்று தனியே உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து, மக்கள் வாழும் தீவுகளில் ஐம்பது அறைகளுக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு ஓரிரவுக்கு 6 டாலர். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நால்வர் குடும்பத்துக்கு ஓரிரவுக்கு 24 டாலர், ஐந்து இரவுக்கு 120 டாலர். இதைச் சேர்க்காமல் போட்ட திட்டம் புறப்படும் நாளில் கையைக் கடிக்கும். எனவே, "எல்லா வரியும் சேர்த்து, நான்கு பேருக்கு, காலை உணவுடன் மொத்தம் எவ்வளவு?" என்று விடுதிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அந்த விடையை வைத்துக்கொண்டு விடுதிகளை ஒப்பிடுங்கள். கூடவே, கூடுதல் கட்டிலுக்குத் தனிப்பணமா, மின்தூக்கி இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா, அறையில் கெட்டிலும் சிறு ஃபிரிட்ஜும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இராச் சாப்பாட்டையும் சேர்த்து விலை பேசினால் பல இடங்களில் நன்றாகவே குறைத்துத் தருகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டில் பயணத்தின் நினைவாக எஞ்சி நிற்பது அதுதான். காலை உணவான மஸ் ஹுனியை விருந்தினர் இல்லத்துச் சமையலறையில் செய்யும்போது அருகில் நின்று பார்க்க எங்களை விட்டார்கள். பொடியாக அரிந்த வெங்காயம், மிளகாய், உப்பு இவற்றின்மேல் எலுமிச்சையைப் பிழிந்து முதலில் விரலால் நன்றாக நசுக்கிப் பிசைகிறார்கள். வெங்காயம் நீர்விட்டுக் குழைந்த பிறகே, உதிர்த்த சூரை மீனையும் அப்போது துருவிய தேங்காயையும் போட்டு மெல்லக் கலக்கிறார்கள். சுடச்சுட ரோஷி என்ற மெல்லிய ரொட்டியில் அதை வைத்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரை போட்ட, பால் சேர்க்காத கட்டஞ்சாயா கூட இருந்தால் மதியம் வரை பிள்ளைகள் பசி என்று சொல்வதில்லை. மாலையில் ஊர்க்காரர்களின் தேநீர்க் கடையில் ஹெதிகா என்ற சிற்றுண்டி வகைகள் அடுக்கி வைத்திருப்பார்கள்; மீனும் தேங்காயும் அடைத்த உருண்டைகள், சமோசா போன்ற பஜியா, மீன் கேக் துண்டுகள். கடற்கரையை ஒட்டிய சுற்றுலா உணவகங்களில் ஒருவர் சாப்பிடும் பணத்தில் இங்கே நான்கு பேரும் வயிறார உண்ணலாம்.

சைவ உணவுக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னேற்பாடு தேவை. எந்தக் குழம்பிலும் மீன் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, முந்தைய நாளே விடுதியில் சொல்லிவிட வேண்டும். பருப்பு, சோறு, பூசணிக் கறி, சப்பாத்தி ஆகியவற்றைச் செய்து தர அவர்கள் தயங்குவதே இல்லை. அவர்களுடைய காய்கறியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு ஏற்றிப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ரமலான் மாதத்தில் பகல் வேளையில் ஊர் உணவகங்கள் மூடியிருக்கும் என்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

மாலத்தீவு முழுக்க இசுலாமிய நாடு. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறைய உடுத்த வேண்டும். நம் குடும்பங்களுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. மாமியார் புடவையிலேயே கடலில் கால் நனைத்தார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களை நாட்டுக்குள் கொண்டுவர அங்கே தடை உண்டு. பயணத்திலும் கைப்பெட்டியில் சிறு பிள்ளையாரை வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள், அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது பவழத் துண்டுகளையும் ஆமையோட்டுப் பொருள்களையும் எடுத்துவரக் கூடாது. பிள்ளைகளின் சட்டைப்பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடலில் இறங்குவதற்குக் காசு கேட்பதில்லை என்பதுதான் இந்தப் பயணத்தின் பெரும் சேமிப்பு. பல தீவுகளில் கரையிலிருந்து சில நூறு அடிகளுக்குள் பவழத்திட்டு வந்துவிடுகிறது. நீருக்குள் பார்க்க உதவும் கண்ணாடி முகக்கவசமும், முகத்தை நீரில் வைத்தபடி மூச்சு விட உதவும் மூச்சுக்குழாயும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். பிள்ளைகளின் அளவில் அங்கே வாடகைக்குக் கிடைப்பது அரிது. கழுத்தளவு நீரில் மஞ்சள் வரிமீன்கள் தன் விரலைச் சுற்றி வந்ததைப் பார்த்த என் மகள், மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே கத்தினாள். ஆழம் குறைந்த நீர் திடீரென்று கருநீலமாகும் விளிம்பைத் தாண்டவே கூடாது, தீவுகளுக்கு இடையே உள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் வலியது, நீந்தத் தெரிந்தவர்களும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். இவற்றில் எதையும் தளர்த்தாதீர்கள். பவழம் உயிருள்ளது, 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறியதால் பெரும்பரப்பில் வெளிறிப்போனது. அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லுங்கள், அவர்கள் கேட்பார்கள். கடல் உலாக்களில் மணல்திட்டுக்குப் போவது அழகானது என்றாலும், அங்கே நிழலும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கைக்குழந்தை இருந்தால் அரைநாள் உலாவே போதும்.

டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். நம் பிள்ளைகளின் விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. அப்போது தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடுவதால், மழையும் காற்றும் இருக்கும், ஆனால் அறை விலை நன்றாக இறங்கும். இயலுமானால் ஏப்ரல் இறுதி வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் உண்டு, பயண நேரமும் குறைவு; தென்மாவட்டத்தாருக்கு அது சென்னையைவிட வசதி. வந்து இறங்கியதும் விசா இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல.

திரும்பும் நாளில் கடைசிப் படகை நம்பாதீர்கள். காற்று கடுமையானால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், விமானமோ காத்திருக்காது. காலைப் படகிலேயே வந்து, பெட்டிகளை விமான நிலையத்தின் பொருள் வைப்பிடத்தில் விட்டுவிட்டு, மாலேக்குப் போய்வாருங்கள். முழுப் பவழக் கல்லால் 1658-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்தே மீன் சந்தைக்குப் போகலாம். பிற்பகலில் படகுகள் கரைசேரும் நேரம் அங்கே இருந்தால், ஆள் நீளச் சூரை மீன்களை ஒருவர் சில கணங்களில் முள் நீக்கித் துண்டு போடுவதைப் பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வயிற்றையும் கவனித்துக்கொண்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது பேருந்து ஏறிவிடுங்கள்.