'லோ கியூஸா' வாய்க்கு வந்துவிட்டது

நேற்று ராத்திரி, இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இருக்கும் என் பேச்சுத்துணை நண்பர் பேச்சுக்கு நடுவே "ஜன்னலைச் சாத்தியாச்சா?" என்று இத்தாலியனில் கேட்டார். "ஸீ, லோ கியூஸா" (ஆமாம், அதைச் சாத்திவிட்டேன்) என்றேன். யோசிக்கவே இல்லை. ஆண்பால் 'கியூஸோ' வரவில்லை, பெண்பால் 'கியூஸா'வே வந்தது! மூன்று வாரமாக இந்த ஒரு 'ஆ'வுக்காகத்தான் மல்லுக்கட்டினேன்.

இறந்தகாலத்தில் 'எஸ்ஸெரே' என்ற துணைவினையை எடுக்கும் வினைகள் என்னைப் படுத்தியதே இல்லை. 'அந்தாத்தா' நம் 'போனாள்' மாதிரி எழுவாயோடு ஒத்துப்போகும். இன்னொரு துணைவினையான 'அவெரே' வந்தால்தான் சிக்கல். 'அதை', 'அவற்றை' என்னும் பிரதிப்பெயர்களான லோ, லா, லி, லே முன்னால் வந்து உட்கார்ந்தால் பார்ட்டிசிபிள், அதாவது 'கியூஸா' போன்ற வினை வடிவம், அதன் பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். சாத்தியது யார் என்பது கணக்கில்லை. ஜன்னல் பெண்பால், அவ்வளவுதான். ஹிந்தியில் ரொட்டியின் பெண்பாலுக்கு ஏற்ப 'ரோட்டி காயீ' (ரொட்டி சாப்பிட்டேன்) சொல்லிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

என்னைக் கவிழ்த்தது காதுதான். 'லா'வும் அவெரேயின் 'நான்' வடிவமான 'ஓ'வும் சேர்ந்தால் 'லோ'. வீடு, இல்லை சேர்ந்து 'வீடில்லை' ஆகிறதே, அதுபோல முன்னுள்ள உயிர் விழுந்துவிடுகிறது. கேட்பதற்கு அப்படியே ஆண்பால் 'லோ'. அந்த ஓசை நாக்கை இழுத்துக்கொண்டுபோய் 'கியூஸோ'வில் தள்ளும். அதனால் வாயைத் திறக்கும் முன்பே பால் முடிவாகியிருக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தை நம்பியும் ஏமாந்தேன். சாவிகள் 'கியாவி', 'இ'யில் முடிந்தாலும் பெண்பால்; அதனால் எடுத்தாயிற்று என்றால் 'லே ஓ ப்ரேஸே', 'ப்ரேஸி' இல்லை. அப்புறம்தான் கவனித்தேன்: பெண்பாலில் ஆர்ட்டிகிளும் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும், ஆங்கில 'the' போன்ற சொல்) பிரதிப்பெயரும் ஒன்றே, லா, லே. 'லே கியாவி' என்று சேர்த்தே மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் மட்டும் அடங்கவில்லை. 'லாக்வா'வில் ஆர்ட்டிகிளும் உயிரை இழந்துவிடுகிறது, பால் தெரியாது. அதற்கான மனப்பாட அட்டையில் 'ஆக்வா ஃப்ரெத்தா', குளிர்ந்த தண்ணீர், என்று எழுதினேன். 'ஃப்ரெத்தா'வின் 'ஆ' அப்படியே 'லோ பெவூத்தா'வுக்கு (அதைக் குடித்தேன்) வந்துவிடுகிறது.

அட்டைக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் ஒரு கட்டே தருவார்கள். பால் சந்தேகத்துக்குத் திரெக்கானி என்ற இத்தாலிய அகராதி இணையத்தில் இலவசம்.

அடுத்து 'ல்யேலே' தொடங்க ஆசை: 'ல்யேலே ஓ தாத்தே', அவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டேன். நாலு அட்டை எழுதியும் விட்டேன். ஆனால் 'நே' (அவற்றில்) பாக்கி இருக்கிறது. எத்தனை ஆப்பிள் சாப்பிட்டாய் என்றால் 'நே ஓ மாஞ்சாத்தே த்ரே' (அவற்றில் மூன்று சாப்பிட்டேன்) வரவேண்டும். இன்று காலையும் 'மாஞ்சாத்தோ'தான் வந்தது.