காய் பிரிக்கும் மேசை

ஆகஸ்ட் 18, 2025
விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டம். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும். காய்ச்சரமோ தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் காய் எடுக்கணும். மூட்டுத் தேய்மானம், இனி குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானே முதலாளியிடம் போய், "இனிமே எடுப்புக்கு வரலைங்க, காய் காயவைக்கிற ஸ்டோர்ல உட்கார்ந்து காய் பிரிக்கிறேன்" என்றேன்.

மதினிக்கு மனசு ஆறவில்லை. "நீ இல்லாம எடுப்பு நிரை எப்படிடி நகரும்?" என்றார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கால் முடியாது என்கிறபோது அதோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது?

ஆகஸ்ட் 21
பச்சைக்காய் 5 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ தேறும். டிரையரில் சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்கணும், ரொம்ப ஏறினால் பச்சை நிறம் போய்விடும். எடுத்த சூட்டோடு தேய்த்துக் காம்பை உதிர்த்து, சலித்து, அப்புறம் என் மேசைக்கு வருகிறது.

சல்லடை 7 மில்லி, 8 மில்லி என்று பருமனைத்தான் பிரிக்கும். மற்றதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். நிறைகாய் அழுத்தினால் அமுங்காது. இளசில் எடுத்தது சுருங்கி, லேசாக அமுங்கும். பழுக்கவிட்டு எடுத்தது வாய் வெடித்திருக்கும். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்திருக்கணும், அதுதான் பருவம். எடுப்பில் கற்றது எதுவும் வீண் போகவில்லை. கை தானாக ஓடுகிறது.

செப்டம்பர் 5
திருவோணம், தோட்டம் லீவு. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 9
உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று முதலாளி கூலியைக் குறைத்துப் பேசினார். இந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. புற்றடியிலோ போடியிலோ ஏலம் விடுகிற இடத்துக்குக் காய் போனால் வியாபாரி பார்ப்பது காயின் நிறத்தையும் பருமனையும்தான். வெடித்ததும் வெளுத்ததும் கலந்து போனால் மொத்த லாட்டுக்கும் விலை இறங்கும். அதைத் தடுப்பது இந்த மேசை. இரண்டு தட்டுக் காயை, பிரித்தது ஒன்று பிரிக்காதது ஒன்று, அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். எடுப்புக் கூலியே தருவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 14
ஸ்டோர் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். கணக்கு எனக்கு வராது. அதற்கு மதினி மகள் இருக்கிறாள், பன்னிரண்டாவது முடித்தவள், கூட்டல் கழித்தலில் கெட்டி. அவளைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு முதுகு சாய்கிற நாற்காலியும் ஜன்னல் பக்கம் ஒரு லைட்டும் கேட்டேன். மழை மூட்டத்தில் வெளுத்த காய் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. லைட் நாளைக்கே வருகிறது.