எழுத்து தெரியாத பாட்டியின் ஜெபப்புத்தகம்

திசையன்விளையில் பேருந்து மாறி இடையன்குடியில் இறங்கியபோது இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் முதல் மணி குளித்துப் புறப்பட. இரண்டாம் மணி ஓடி வர. நானும் ஓடினேன். (சர்ச் என்று சொன்னால் சென்னையில் புரியும். திருநெல்வேலிச் சீமையில் அது கோயில்தான்.)

அம்மாவுக்குத் திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே உறுதி சொல்லும் சடங்கு) நடந்தது இந்தப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில். அவள் போன பிறகு ஒருமுறை வந்து உட்கார வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எனக்கும் கோயிலுக்கும் நடுவில் பல வருடம் போக்குவரத்து இல்லை. கல்லூரியில் ஒரு நண்பன், "புத்தகத்தப் பாத்து வாசிக்கிறதெல்லாம் ஒரு ஜெபமாடா?" என்று கேட்டான். சரியாகத்தானே கேட்கிறான் என்று நினைத்தேன். அவனோடு கைதட்டிப் பாடும் கூட்டங்களுக்குக் கொஞ்ச நாள் போனேன், அப்புறம் அதுவும் நின்றது. ஆனால் அம்மாவின் கடைசி இரவில் கட்டிலருகே சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் வந்தது சிறுவயதில் மனப்பாடமான பாவ அறிக்கை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது கால்டுவெல்லைத் தவிர்க்க முடியாது. அயர்லாந்தில் பிறந்தவர். 1838இல் சென்னைக்கு வந்து, ஆங்கிலிக்கன் குருவாகி, 1841இல் இந்தப் பனங்காட்டுக்கு வந்து சேர்ந்தார். தெருக்களை நேராகப் போட்டதும் கிணறு வெட்டியதும் அவர் காலத்தில்தான். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1847இல் தொடங்கிய இந்தக் கோயில் முடிந்தது 1880இல். முப்பத்து மூன்று வருடம்! வீடு கட்டி நொந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நடுவில் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது. அதற்காகத்தான் மெரினாவில் அவருக்குச் சிலை. 1849இல் இந்த ஊர் மக்களின் சமுதாயத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர்களையே புண்படுத்தி, பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பெருமை பேசும் மேடைகளில் அது வருவதில்லை. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து பலிபீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். அவர் மேல் வருத்தம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிறுதோறும் அவருக்கு மேலே முழங்காலில் நிற்கிறார்கள்.

உள்ளே போய் ஓரமாக இடம் பிடித்தேன். கூர்வளைவு ஜன்னல்கள், உயர்ந்த கூரை, கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று. நரைத்த தலைகள்தான் அதிகம். இளசுகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அசனப் பண்டிகைக்குக் கறிச்சோறு சாப்பிட வந்துவிடுவார்களாம்.

நான் ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டி இடம் தேடிக்கொண்டிருக்க, பக்கத்து வரிசைப் பாட்டி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்ததை நீட்டினேன்.

"எனக்கு எழுத்து தெரியாதுய்யா. நீயே வச்சுக்க."

சபையே சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் தொடங்கியது. பாட்டி ஒரு சொல் பிசகவில்லை. குருவானவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கி, சபை சேரும் இடத்தில் சேர்ந்தார். நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கேட்கும்படி குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றினார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன்.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலான சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. ஆனாலும் பழைய ஜெபப்புத்தகத்தின் சாயல் இங்கே போகவில்லை. அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன் ஒரு ஜெபம் உண்டு: உம்முடைய மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று போகும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் கிரான்மர் அமைத்தது. அந்தப் பழைய ஜெபப்புத்தகத்தின் தமிழைத் திருத்தியவர்களில் கால்டுவெல்லும் ஒருவர். லண்டனில் அச்சேறியது இந்தத் தேரி மண்ணில் ஒரு பாட்டியின் காதுக்குள் ஏறியிருக்கிறது. நண்பன் கேட்டதற்கு இன்று என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவன் எண்தான் இல்லை.

வெளியே வேப்பமர நிழலில் திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) தேர்தல் பேச்சு சூடாக ஓடியது. யார் அணி, யார் வழக்கு, எந்த நீதிமன்றம். கால் மணி நேரம் முன்பு சமாதானம் சொல்லிக் கைகுலுக்கியவர்கள்தான். எங்கள் சென்னைக் கோயில் வாசலிலும் இதே பேச்சுதான் என்பதால் எனக்கு ஆச்சரியம் இல்லை, அலுப்புதான்.

பாட்டி செருப்பைத் தேடிக்கொண்டே, "யாரு வீட்டுப் பிள்ளைய்யா நீ?" என்றார். தாத்தா பெயரையும் அம்மா பெயரையும் சொன்னேன்.

"அட, அவ மகனா! கேரல் ரவுண்டுல ரெண்டாங்குரல் பாடுவாளே. நல்லாயிருக்காளா?"

சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பஸ்ஸு இனி ரெண்டு மணிக்குத்தான். வீட்டுக்கு வா, சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார்.

வேண்டாம் பாட்டி, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இழுத்தேன்.

"விருந்தா போடப் போறேன்? துணிக்கைதான் இருக்கும். வா."

சொல்லிவிட்டு, தன் பகடிக்குத் தானே சிரித்தபடி முன்னால் நடந்தார்.