கசப்பைப் பிழிந்துவிடாதே

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த உணவகத்தில் மொத்தமே ஒன்பது மேசைகள். சேர்ந்தது ஜனவரியில். புதிதாக வருகிறவனுக்குக் கீரை அலசுகிற வேலைதான் கிடைக்கும், எனக்கும் அதுதான். ஸ்கரோலா என்று ஒரு குளிர்காலக் கீரை. ஓரம் சுருண்ட அகல இலைகள், வெளியே கரும்பச்சை, உள்ளே போகப் போக வெளிர் மஞ்சள். வயலிலேயே வெளி இலைகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வெயில் படாத குருத்து வெளுத்துப்போகும், கசப்பும் கொஞ்சம் அடங்கும். அடித்தண்டில் மண் அப்பியிருக்கும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இலையை முக்கி, இலையைத்தான் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டால் அடியில் படிந்த மண் மறுபடி இலையில் ஏறிக்கொள்ளும். அம்மா முளைக்கீரை அலசியதும் இப்படித்தான் என்பதால், இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று தண்ணீர். மூன்றாவது முடிவதற்குள் விரல்கள் மரத்துப்போயிருக்கும்.

அடுப்பங்கரை முழுக்க சிஞ்ஞோராவின் கையில் இருந்தது. எழுபதை நெருங்கிய பெண்மணி. சிஞ்ஞோரா என்றால் இத்தாலிய மொழியில் ‘அம்மணி’ மாதிரி. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

இரண்டாவது வாரம் கீரையை வேகவைக்கும் வேலையும் என்னிடம் வந்தது. ஓர் இலையைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன், நல்ல கசப்பு. காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவர்களுக்கு இதையா போடுவது என்று தோன்றியது. பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிவோமே, அதே நினைப்பில் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து வைத்தேன். சிஞ்ஞோரா ஒரு கீற்றை எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

“மகனே, இதில் கீரை எங்கே போச்சு?”

கோபமில்லை. நிஜமாகவே தேடுகிற மாதிரி கேட்டார். அன்றைக்கு அந்தப் பாத்திரம் எங்கள் சாப்பாட்டுக்கு வந்தது. நல்ல எண்ணெய், நல்ல பூண்டு எல்லாம் இருந்தும் நாக்கில் எதுவுமே நிற்கவில்லை.

மறுநாள் அவரே செய்து காட்டினார். அகலச் சட்டியில் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு. பூண்டு நிறம் மாறத் தொடங்கும்போது கயேத்தா ஆலிவ், அதோடு உப்பு அலசிய கேப்பர் என்ற செடியின் மொட்டு. அப்புறம் அலசிய கீரையை, ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே போட்டு மூடிவிடுவார். தனியாகத் தண்ணீர் கிடையாது. கீரை விடுகிற நீரிலேயே அது வேகும். கசப்பும் அதிலேயே இருக்கும். ஆலிவின் உப்பும் கேப்பரின் புளிப்பும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கசப்பு வேறு ஆளாக மாறியிருந்தது. கடைசி வரை உப்புப் போடக் கூடாது என்பார். ஆலிவும் கேப்பரும் எவ்வளவு உப்பை விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அந்த ஆலிவே ஒரு கசப்பின் கதைதான். மரத்திலிருந்து பறித்த ஆலிவை வாயில் வைக்க முடியாது. கயேத்தா ஆலிவை மரத்திலேயே நன்றாகக் கனியவிட்டு, வசந்தம் தொடங்கும்போது பறிக்கிறார்கள். பிறகு தண்ணீரிலும் உப்பிலும் மாதக்கணக்கில் ஊறும். ஊதா படிந்த கறுப்பில், சின்னதாக இருக்கும். அத்தனை நாள் ஊறிய பிறகும் கடைசியில் ஒரு துளிக் கசப்பு மிஞ்சும். அது போய்விட்டால் அந்த ஆலிவை நான் வாங்க மாட்டேன். கட்டைவிரலால் அழுத்திக் கொட்டை எடுத்து எடுத்து என் நகக்கண்ணெல்லாம் ஊதாவாகக் கிடந்த நாட்கள் உண்டு.

இந்தக் கீரையோடு சேர்கிற பீன்ஸின் வேலை முந்தின இரவே தொடங்கிவிடும். கடை மூடும் முன் ஊறப்போட்டுவிட வேண்டும். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் அச்சேர்ரா என்ற ஊரில் விளைகிற ஒரு வெள்ளை பீன்ஸுக்குச் ‘செத்தவன் பல்’ என்று பெயர். அந்த மங்கலான வெண்மைக்காக. தோல் மெல்லியது. கிடைக்கும்போது அது, கிடைக்காதபோது கன்னெலினி என்ற சாதாரண வெள்ளை பீன்ஸ். காலையில் மண்பானையில், சிறுதீயில், செலரித் தண்டும் பூண்டும் போட்டு வைப்போம். தக்காளி சேர்ப்பதாக இருந்தால் வெந்த பிறகுதான்; புளிப்பு முதலில் போனால் எத்தனை மணி நேரமானாலும் நடுவில் ஒரு கெட்டித்தன்மை நிற்கும். வெந்ததா என்று பார்க்க சிஞ்ஞோரா நாலைந்து பீன்ஸைக் கரண்டியில் எடுத்து ஊதுவார். தோல் சுருண்டு உரிந்தால் சரி. வெந்த தண்ணீர் கஞ்சி போல இருக்கும். அதோடுதான் பீன்ஸ் கீரைச் சட்டிக்குப் போகும். டப்பாவில் வருகிற கொழகொழத் திரவம் எந்த நாளும் அந்தக் கஞ்சிக்கு ஈடாகாது. கடைசியில் கிண்ணத்தின் அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு, மேலே இது, அதற்கு மேல் பச்சையாகவே ஆலிவ் எண்ணெய்.

ஒரு விடுமுறை நாளில் ரோமுக்குப் போய் கொலோன்னா அரண்மனைக் கலைக்கூடத்தில் அன்னிபாலே கராச்சி என்ற இத்தாலிய ஓவியரின் படம் ஒன்றைப் பார்த்தேன். 1580களில் வரைந்தது. ஓர் உழைப்பாளி மேசையில் கிண்ணத்தை வைத்து, வாயைத் திறந்து, கரண்டியைத் தூக்கியபடி நம்மைப் பார்க்கிறான். ரொட்டி, வெங்காயத்தாள், ஒயின். கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் கறுப்புக் கண். காராமணி! இன்றைக்கு நாங்கள் ஊறப்போடுகிற பீன்ஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதற்கு முன்னால் இத்தாலியர்களின் பீன்ஸ் காராமணிதான். நம் வீட்டுக் காராமணி அங்கே மாட்டியிருப்பதைப் பார்த்து வெகுநேரம் நகராமல் நின்றேன்.

நேப்பிள்ஸ்காரர்களுக்கு மக்கரோனி தின்னிகள் என்ற பெயர் வருவதற்கு முன்னால் இருந்த பட்டப்பெயர், இலை தின்னிகள். இறைச்சி எட்டாத வீடுகள் கீரையில் வாழ்ந்தன. அந்தச் சமையலை ‘ஏழைச் சமையல்’ என்று இப்போது மெனுவில் அழகாக எழுதி விலை ஏற்றுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று தண்ணீர் அலசி, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் நின்று செய்கிற சாப்பாட்டுக்கு அதற்கே உரிய பெயர் இருக்கிறது: ஸ்கரோலாவும் பீன்ஸும். அது போதும்.

சிஞ்ஞோராவுக்கு இப்போது முழங்கால் வலி. அடுப்பங்கரைக்கு வருவது குறைந்துவிட்டது. மதியத்தில் கதவோரத்து மேசையில் உட்கார்ந்துகொள்வார். போன வாரம் நான் சமைத்ததை ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைத்தேன். முதலில் கரண்டியால் சாற்றை மட்டும் எடுத்துக் குடித்தார்.

“அமாரா,” என்றார். கசப்பு.

அப்புறம் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார்.